தோற்றுவிட்டு அழலாமா?

கேள்வி: கபடியில் தோற்றுவிட்டு என் மகன் தேம்பித் தேம்பி அழுதான். 'ஆம்பளப் பிள்ளை அழலாமா?' என்று தெருவே கேலி செய்கிறது. கண்டிக்கவா?
- ஒரு வாசகி, பாம்பன்

பதில்: வேண்டாம் தாயி. நானும் தங்கச்சிமடத்து மணலில் கபடி ஆடியவன்தான். ஒருமுறை கடைசி ரெய்டில், கோட்டைத் தொட ஒரு சாண் இருக்கும்போது மடக்கிவிட்டார்கள். எழுந்ததும், பிடித்தவனை ஓங்கி அறைந்தேன். ஊர் என்ன சொன்னது தெரியுமா? 'ரோஷக்காரன்!' அன்று அழுதிருந்தால் வீட்டு வாசல்வரை சிரித்திருப்பார்கள். கோபத்துக்கு மரியாதை, கண்ணீருக்குக் கேலி. என்ன கணக்கோ!

2006 உலகக் கோப்பை கால்பந்து இறுதி ஆட்டத்தில் பிரான்ஸ் அணித் தலைவர் ஜிடான், எதிரணி வீரரின் நெஞ்சில் தலையால் முட்டிச் சிவப்பு அட்டை வாங்கினார். பிரான்ஸ் தோற்றது. 2022இல் லண்டனில், தன் கடைசி ஆட்டத்தில் தோற்ற டென்னிஸ் வீரர் ஃபெடரர் அழுதார். பக்கத்தில் அவருடைய நெடுநாள் போட்டியாளர் நடாலும் அழுதார். அதில் யாருக்கு நஷ்டம்?

படகு திரும்பாத இரவில் நம் கரையில் ஆம்பளைகள் அழுததில்லையா? கேலி பேசுகிறவர்களும் அங்கே நின்றிருப்பார்கள்.

சரி, பையன் சாப்பிட்டானா? மீன்குழம்பு ஊற்றிச் சோறு போடுங்கள். முட்டி சிராய்த்திருக்கும், அதையும் பாருங்கள்.