நனைந்த துணியின் பளபளப்பு: கேள்வி பதில்

கேள்வி: காய்ந்திருக்கும்போது மங்கலாக இருக்கும் பருத்தித் துணி, நனைந்ததும் பளபளப்பது ஏன்?

பதில்: பளபளப்பது துணி அல்ல, அதன்மேல் நிற்கும் தண்ணீர். காய்ந்த பருத்தித் துணியை உருப்பெருக்கியில் பார்த்தால், நூலிலிருந்து எல்லாத் திக்கிலும் இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். விழும் ஒளி தாறுமாறாகச் சிதறும். நனைத்ததும் இழைகள் படிந்துவிடுகின்றன. இடுக்குகளில் நீர் நிரம்புகிறது. பரப்பு இழுவிசை அந்த நீரின் மேற்புறத்தை வழவழப்பாக இழுத்துப் பிடிக்கிறது. அது ஒளியைச் சிதறவிடாமல் ஒரே திசையில் திருப்புகிறது. உங்கள் கண் அந்தத் திசையில் இருந்தால் மினுக்கம் தெரியும், சற்று விலகினால் மறையும். சிவப்புத் துணியிலும் அந்த மினுக்கம் சிவப்பாக இருக்காது, விளக்கின் நிறத்தில்தான் இருக்கும். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி சாயத்தைத் தொடுவதே இல்லை.

கேள்வி: ஒளியைத் திருப்பி அனுப்பினால் துணி வெளுப்பாகத்தானே தெரிய வேண்டும்? கருத்தல்லவா போகிறது?

பதில்: இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். கருப்பது வேறு, பளபளப்பது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் எல்லாம் தெளிவாகிவிடும். ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டுவது ஒளிவிலகல் எண். பருத்தி இழைக்கு அது ஏறக்குறைய 1.55, காற்றுக்கு 1, நீருக்கு 1.33. இழையும் காற்றும் சந்திக்கும் இடத்தில், நேராக விழும் ஒளியில் சுமார் 5 சதவீதம் திரும்பும். காற்றுக்குப் பதில் நீர் வந்தால், இரண்டின் எண்களும் நெருங்கிவிடுவதால், 1 சதவீதம்கூடத் திரும்பாது. அதனால் ஒளி ஆழமாக உள்ளே போய், கூடுதலான சாயத்தைக் கடந்து, அங்கேயே உறிஞ்சப்படுகிறது. தப்பி வெளியேற வரும் ஒளியிலும் ஒரு பங்கை நீர்ப்படலம் முழு அக எதிரொளிப்பால், அதாவது மிகச் சாய்வாக வரும் ஒளியை வெளியே விடாமல் முழுதாகத் திருப்பி, மறுபடி உள்ளே தள்ளுகிறது. இந்தப் பின்னதை ஆங்ஸ்ட்ரம் என்ற சுவீடன் அறிவியலாளர் 1925இல் விளக்கினார்.

நேராக விழும் ஒளியில் நீர்ப்பரப்பு திருப்புவது 2 சதவீதம்தான். பின்னணி கருத்துவிட்டதால் அந்தச் சிறு ஒளியும் எடுப்பாகத் தெரிகிறது. கருப்புத் துணி நனைந்தால் கண்ணைப் பறிப்பதும் இதனால்தான்.

கேள்வி: பிழிந்து உதறினால் பளபளப்பு போய்விடுகிறது, கருமை மட்டும் நிற்கிறதே?

பதில்: மேலே இருந்த படலம் வடிந்துவிட்டது, நூலுக்குள் நீர் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு வேலை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

கேள்வி: வெள்ளைத் துணி நனைந்தால் மறுபுறம் தெரிவதற்கும் இதுவா காரணம்?

பதில்: ஆம். சிதறல் குறைகிறது, உறிஞ்சச் சாயமும் இல்லை. ஒளி ஊடுருவிப் போய்விடுகிறது.

கேள்வி: பட்டும் சாட்டினும் காய்ந்த நிலையிலேயே மின்னுகின்றனவே?

பதில்: அவற்றில் நீர் செய்யும் வேலையை இழையும் நெசவும் செய்கின்றன. பட்டிழை நீளமானது, வழவழப்பானது. சாட்டின் நெசவில் நூல்கள் குறுக்கு நூல்களைத் தாண்டி நீண்டு படுத்திருக்கும்.

கேள்வி: நனைந்த துணியைப் படம் எடுக்கும்போது மினுக்கத்தைக் குறைக்க முடியுமா?

பதில்: ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் போலரைசர் ஃபில்டரைக் கேமரா லென்ஸில் பொருத்திச் சுழற்றிப் பாருங்கள். நீர்ப்பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 53 பாகைச் சாய்வில் நீரில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வதால், ஃபில்டர் அதை ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும். மடிப்புக்கு மடிப்பு கோணம் மாறும். எனவே எல்லா மினுக்கமும் ஒரேயடியாகப் போகாது. போன இடங்களில் சாயத்தின் நிறம் ஆழமாகத் தெரியும்.