மருத்துவம் படிக்காதவர் பொதுச் சுகாதாரத் துறைக்கு வந்தால் மதிப்பு இருக்குமா? நகரங்கள் பெருகிக்கொண்டே போவதால் இதில் வேலை கூடுமா?

வரலாம், தாராளமாக வரலாம். மதிப்பு கிடைக்குமா என்பது யாரிடம் எதிர்பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கேள்விக்குக் கீழே, "மருத்துவ இடம் கிடைக்கவில்லை, அதனால் பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்கலாமா என்று யோசிக்கிறேன், காலம் முழுக்க டாக்டர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டியிருக்குமோ" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் புள்ளியியல் படித்தவன். நோய்க் கண்காணிப்பில் வேலை பார்க்கிறேன். "சுகாதாரத் துறையா? அப்போ டாக்டரா?" என்று கேட்டு, இல்லை என்றதும் முகம் வாடிப்போனவர்களை நிறையப் பார்த்தாயிற்று. சரி, அது கிடக்கட்டும். (மருத்துவ நண்பர்கள் கோபிக்க வேண்டாம். படுக்கையில் கிடப்பவரைப் பிழைக்க வைப்பது நீங்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் பேசுவது அவர் ஏன் படுக்கைக்கு வந்தார் என்பதைப் பற்றி.)

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், வேகமாக வளரும் எந்த நகரத்திலும் நடக்கக்கூடியதுதான்.

வயிற்றுப்போக்குக்கு எங்களிடம் ஒரு எச்சரிக்கை அளவு உண்டு. ஒரு வார்டில் ஒரு வாரத்தில் இத்தனை பேருக்கு மேல் வந்தால் கணினியில் சிவப்பு காட்டும். அந்த மாதம் எந்த வார்டும் சிவப்பாகவில்லை. ஆனால் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர் போன் செய்து, "உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் தீர்ந்துபோச்சு, என்னமோ சரியில்லை" என்றார். கணினி பச்சை, அவர் கையில் பொட்டலம் இல்லை. எதை நம்புவது?

பதிவேட்டை வாங்கி முகவரிப் பத்தியைப் பார்த்தேன். கதவு எண் அனேகமாக யாருக்குமே இல்லை. நகரத்தின் விளிம்பில் புதிதாக முளைத்த குடியிருப்பு அது. பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த இடம் வெறும் காலி நிலம். வரைபடத்திலும் தெரு கிடையாது. அதனால் வந்தவர்கள் வாய்க்கு வந்த அடையாளத்தைச் சொல்லியிருக்கிறார்கள்: செல்போன் டவர் பக்கம், பழைய செங்கல் சூளை, தண்ணீர்த் தொட்டி பின்புறம். கணினியில் ஏற்றியவர் ஒவ்வொன்றையும் தனக்குத் தெரிந்த பக்கத்து வார்டில் போட்டுவிட்டார். ஒரே குடியிருப்பின் நோயாளிகள் மூன்று வார்டுகளில் சிதறிப்போனார்கள். மூன்றிலுமே எண்ணிக்கை எச்சரிக்கை அளவுக்குக் கீழே.

வார்டை மறந்துவிட்டு அடையாளத்தை வைத்து வரிசைப்படுத்தியதும் எல்லோரும் ஒரே குழாயின் கடைசிப் பகுதியில் வந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்து குளோரின் பரிசோதனை. செய்வது எளிது. சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மாத்திரை ஒன்றைப் போட்டுக் குலுக்கினால், குளோரின் மீதம் இருக்கும் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். முதல் தெருவில் நல்ல ரோஜா நிறம். நடுவில் வெளிறிப்போனது. கடைசி வரிசை வீடுகளில் மாத்திரை கரைந்தது, நிறம் வரவே இல்லை. அங்கே ஒரு அம்மா குழாயைத் திறந்ததும் முதலில் வருகிற தண்ணீரைக் கீழே விட்டுவிட்டு அப்புறம்தான் குடம் வைத்தார். ஏன் என்றதற்கு, "முதல் தண்ணி நாறும்" என்றார், ஊரறிந்த விஷயம் மாதிரி.

குடிநீர்ப் பொறியாளர் சுத்திகரிப்பு நிலையத்தின் பதிவுகளைக் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை, நிலையத்தை விட்டு வெளியேறும் தண்ணீர் நல்ல தண்ணீர்தான். சிக்கல் அதற்கப்புறம். தண்ணீர் நாள் முழுக்க வராமல் சில மணி நேரம் மட்டும் வந்தால், நிறுத்தியதும் குழாயில் அழுத்தம் இறங்கிவிடும். குழாயைச் சுற்றிக் கழிவுநீர் தேங்கியிருந்தால் விரிசல் வழியாக அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். வீட்டுக்கு வீடு மோட்டாரைக் குழாயிலேயே மாட்டி உறிஞ்சினால் இன்னும் மோசம்.

கழிவுநீர் குழாய்க்குள் எங்கே போகிறது என்று காட்டியது நானும் இல்லை, பொறியாளரும் இல்லை. வால்வு திறக்க வருகிற தொழிலாளி. "அந்தக் குழியில எப்பவுமே தண்ணி நிக்கும் சார்" என்றார். மூடியைத் தூக்கிப் பார்த்தால் முழங்கால் ஆழத்துக்குக் கறுப்புத் தண்ணீர், அதற்குள்ளே குழாயின் இணைப்பு. இணைப்பை மாற்றினார்கள், குழியை வற்றவைத்தார்கள், குழாயில் கூடுதல் குளோரின் விட்டு அலசினார்கள். அதுவரை வீடுவீடாகக் குளோரின் மாத்திரை கொடுத்தோம். அடுத்த சில வாரங்களில் நோயாளிகள் வரத்து குறைந்தது.

"தானாகவே குறைந்திருக்கலாமே" என்று இங்கே யாராவது கேட்பார்கள். கேட்கலாம், நியாயமான கேள்வி. இந்தத் துறையின் தலைப்பிள்ளைக் கதையிலேயே அந்தக் கேள்வி இருக்கிறது. 1854 இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் பிராட் தெருவின் குடிநீர்ப் பம்பைச் சந்தேகித்தார், பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதற்குள் சாவு எண்ணிக்கை இறங்கத் தொடங்கியிருந்தது, மக்களும் அந்தப் பகுதியை விட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். இதை ஸ்னோவே எழுதியிருக்கிறார். நான் சொல்வதெல்லாம், இணைப்பு கழிவுநீருக்குள் கிடந்தது, இப்போது கிடக்கவில்லை என்பது மட்டும்தான்.

ஸ்னோவைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். அதற்கப்புறம் நடந்ததைச் சொல்பவர்கள் குறைவு, உங்கள் கேள்விக்கு அதுதான் தேவை. லண்டனைக் காலராவிலிருந்து விடுவித்ததில் பெரும்பங்கு கழிவுநீர்ச் சுரங்கங்களுக்கு. அவற்றைக் கட்டியவர் ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியாளர். 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்து உறுப்பினர்கள் மூக்கைப் பிடித்த பிறகுதான் பணம் வந்தது. அன்று பெரும்பாலோர் நம்பியது கெட்ட காற்றுதான் நோய் தரும் என்று. கோட்பாடு தப்பு, வேலை சரி. லண்டனில் கடைசியாக 1866 இல் காலரா வெடித்தது கிழக்குப் பகுதியில், புதிய கழிவுநீர் வலை முழுமையாகச் சேராத இடத்தில். இன்றைக்கும் எந்த நகரத்திலும் நோய் தேடிப்போவது அப்படிச் சேராத இடத்தைத்தான்.

இனி நகர வளர்ச்சிக்கு வருகிறேன். ஐ.நா. 2018 இல் வெளியிட்ட கணிப்பின்படி உலக மக்களில் 55 சதவீதம் பேர் அப்போது நகரப் பகுதிகளில் இருந்தார்கள், 2050 இல் அது 68 சதவீதம் ஆகும். கூடப்போகும் கூட்டத்தில் கிட்டத்தட்ட 90 சதவீதம் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும். இதைப் படித்துவிட்டு "ஆஹா, வேலை கொட்டும்" என்று நினைக்காதீர்கள். கொட்டப்போவது தேவை. தேவைக்கும் பணியிடத்துக்கும் நடுவில் ஒரு பட்ஜெட் இருக்கிறது.

தேவை எப்படிப் பெருகும் என்பதற்கு மேலே சொன்ன அதே குழாய் போதும். தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத வீட்டில் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைப்பார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், இப்படி மூடாமல் தேங்கிய தெளிந்த தண்ணீர்தான் வேண்டும். அதன் முட்டை காய்ந்த தொட்டிச் சுவரிலேயே மாதக்கணக்கில் காத்திருக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். 2024 இல் உலக அளவில் பதிவான டெங்கு மட்டும் 1.4 கோடிக்கு மேல். இதற்கு வெப்பநிலை உயர்வு, விமானப் பயணம் என்று வேறு காரணங்களும் உண்டு, குழாய் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் புகை அடிக்கிற வண்டிக்குக் கிடைக்கும் புகைப்படமும் பணமும், அழுத்தம் குறையாமல் தண்ணீர் விடுவதற்குக் கிடைப்பதில்லை.

இத்தனை கெட்ட செய்திக்கு நடுவே நகரம் ஜெயித்த கதையும் உண்டு. 2014 ஜூலையில் லைபீரியாவிலிருந்து ஒரு பயணி எபோலாவோடு நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தில் வந்து இறங்கினார். ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் நெருக்கியடித்து வாழும் ஊர். அமேயோ அடாடேவோ என்ற மருத்துவர், எத்தனையோ அழுத்தம் வந்தும் அவரை மருத்துவமனையை விட்டு விடவில்லை. பிறகு அந்த மருத்துவரே அதே நோயில் இறந்தார். (டாக்டர்களைக் குறைத்துப் பேசுகிறேன் என்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கவும்.) அதன்பின் நடந்ததுதான் எங்கள் ஆட்களின் வேலை. போலியோ ஒழிப்புக்காகப் பழகியிருந்த குழுக்களை அப்படியே இதற்குத் திருப்பினார்கள். நோயாளிகளோடு தொடர்பில் இருந்த 900 பேர் அளவில் பட்டியலிட்டு, சுமார் 18,500 தடவை நேரில் போய்க் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். நைஜீரியாவில் 20 பேரோடு நின்றது, அதில் 8 பேர் இறந்தார்கள். அதே தொற்று மேற்கு ஆப்பிரிக்காவில் மொத்தம் 11,300க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கதவைத் தட்டியவர்கள் எல்லோரும் மருத்துவர்களா? இல்லை. அங்கே தேவைப்பட்டது வீடு தெரிந்த, பேசத் தெரிந்த, பட்டியலை அன்றன்றைக்குச் சரிபார்க்கத் தெரிந்த ஆட்கள்.

வேலை விஷயம். ஜெனீவா கனவோடு, அதாவது சர்வதேச அமைப்பில் வேலை என்ற கனவோடு, வருபவர்களுக்கு 2025 ஒரு அடி. அமெரிக்கா வெளிநாட்டு உதவியில் பெரும்பகுதியை நிறுத்தியது, அந்த உதவியை வழங்கிவந்த யுஎஸ்எய்டு அமைப்பு கலைக்கப்பட்டது, உலக சுகாதார நிறுவனமும் ஆட்களைக் குறைத்தது. 1984 முதல் ஏழை நாடுகளில் வீடுவீடாகப் போய்க் குழந்தை இறப்பு, தடுப்பூசி, ஊட்டச்சத்து என்று கணக்கெடுத்துவந்த மக்கள்தொகை, உடல்நல ஆய்வுத் திட்டத்துக்கான அமெரிக்க நிதியும் அதில் போயிற்று. எனக்குத் தெரிந்த நல்ல ஆட்கள் பலர் இன்னும் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே சர்வதேச அமைப்பை மட்டும் குறிவைத்துக் கடன் வாங்கிப் படிப்பதானால் நான் வேண்டாம் என்பேன். மாநகராட்சிகள், அரசுத் துறைகள், பரிசோதனைக் கூடங்கள், குடிநீர் வாரியங்கள் பக்கம் பாருங்கள். சம்பளம் சுமார், புகழ் கிடையாது, ஆனால் குழிமூடியைத் தூக்கச் சொல்லும் அதிகாரம் அங்கேதான் இருக்கிறது. கழிவுநீரில் கிருமியைத் தேடும் கண்காணிப்பு கொரோனாவுக்குப் பிறகு பல நகரங்களில் வந்திருக்கிறது, உயிரியல் படித்தவருக்குப் பொருத்தமான இடம்.

என்ன கற்றுக்கொள்வது? புள்ளியியலுக்கு ஆர் (R), வரைபடத்துக்கு க்யூஜிஐஎஸ் (QGIS) என்ற மென்பொருள்கள், இரண்டும் இலவசம். அதைவிட முக்கியமாக, நோயாளிகளின் பெயர், வயது, இடம், காய்ச்சல் தொடங்கிய நாள் எல்லாம் கொண்ட லைன் லிஸ்டை ஒழுங்காகத் தயாரிக்கத் தெரிய வேண்டும். அதில் "தொடங்கிய நாள்" என்ற இடத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்த நாளை எழுதிவைக்கும் ஆட்களால் எத்தனை விசாரணை வீணாகியிருக்கிறது தெரியுமா! அப்புறம், பொறியாளரிடம் சண்டை போடாமல் பேசத் தெரிய வேண்டும். இதை எந்தப் பாடத்திட்டத்திலும் பார்த்ததில்லை.

களப்பணி என்றதும் நினைவுக்கு வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் பயணப்படிக்கு அசல் ரசீது கேட்பார்கள். ரோடே இல்லாத குடியிருப்புக்கு யாரோ ஒருவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறோம், அவர் எந்த ரசீது தருவார்? கணக்குப் பிரிவில், "ரசீது இல்லையென்றால் பயணமே நடக்கவில்லை என்று பொருள்" என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். அதே மாதம் நட்சத்திர ஓட்டலில் 'களப்பணியாளர்களை வலுப்படுத்துதல்' என்று ஒரு பயிலரங்கு, அதற்கு மறுபேச்சே இல்லாமல் பணம். என் காசு இன்னும் வரவில்லை. வராது என்றும் தெரியும்.

நிறுத்திக்கொள்கிறேன். சேரும் முன் கல்லூரியில் இரண்டு விஷயம் கேளுங்கள். படிப்பில் களத்தில் இருக்கும் மாதங்கள் எத்தனை, போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள். இரண்டாவதற்கு மொத்தமாகச் சதவீதம் சொன்னால் விடாதீர்கள், படித்து முடித்த நாலு பேரிடம் நேரில் பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். மழுப்பினால் வேறு கல்லூரி பாருங்கள். படிக்கும் முன்பே கொஞ்ச காலம் ஏதாவது ஒரு கணக்கெடுப்பில் களப்பணியாளராகப் போய்வர முடிந்தால் இன்னும் நல்லது. வெயிலில் நாலு வீட்டில் கதவு திறக்காமல், ஐந்தாவது வீட்டுக்கும் போகத் தோன்றுகிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.