சேவை நாய்கள்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

அமெரிக்காவில் முன்னாள் ராணுவ வீரர்களுக்கும், தீயணைப்பு, போலீஸ், ஆம்புலன்ஸ் பணியில் இருப்பவர்களுக்கும் சேவை நாய்களை, அதாவது உடல் அல்லது மனக் குறைபாட்டுக்கு உதவும் நாய்களை, பழக்கிக் கொடுக்கும் பயிற்சியாளர் நான். இந்த முறை வந்த கேள்விகளுக்கு இதோ பதில்.

கேள்வி (டல்லாஸிலிருந்து ஒரு அம்மா): என் மகன் ஆப்கானிஸ்தானில் இருந்துவிட்டு வந்தவன். ராத்திரியில் அலறிக்கொண்டு எழுந்திருக்கிறான். ஒரு நாய் இதற்கு என்ன செய்ய முடியும், மேடம்?

பதில்: கனவு முற்றுவதற்குள் அவரை எழுப்பிவிடும் அம்மா. இதைப் பழக்க நாங்களே கட்டிலில் படுத்து, கை கால்களை உதறி, மூச்சு வாங்குவோம். நாய் வந்து மூக்கால் முட்டினால் உடனே ஒரு துண்டு பிஸ்கட். அப்புறம், முட்டினாலும் அசையாமல் கிடப்போம். அது போர்வையை இழுக்கவும், மேலே ஏறி முகத்தை நக்கவும் கற்றுக்கொள்ளும். சில நாய்கள் விளக்கு சுவிட்சையும் போடும். பகலில் பதற்றத்தில் கால் ஆட ஆரம்பித்தால் மடியில் தலையை வைத்து அழுத்தும். கடை வரிசையில் அவர் முதுகுப் பக்கம் நின்றுகொள்ளும். பின்னால் வருபவர் தானாகவே கொஞ்சம் தள்ளி நிற்பார்.

ஆனால் டாக்டரையும் கவுன்சலிங்கையும் விட்டுவிடாதீர்கள். 2024-ல் மேகி ஓஹேர் என்ற ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் 156 பேர் இருந்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு நாயும் கிடைத்தவர்களுக்கு, சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட மூன்று மாதத்தில் பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) அறிகுறிகள் குறைவாக இருந்தன. சிகிச்சையோடு சேர்ந்து வந்த பலன் அது.

கேள்வி: ஜெர்மன் ஷெப்பர்டு கேட்டு வாங்கலாமா? பாதுகாப்பாகவும் இருக்கும்.

பதில்: பெரும்பாலும் லாப்ரடாரும் கோல்டன் ரெட்ரீவரும்தான். ஆபத்து வருமோ என்று எந்நேரமும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, தானும் வாசலைப் பார்த்து உறுமும் நாயைக் கொடுத்தால் அவர் எப்போது நிம்மதியாக உட்காருவார்? காவல் காப்பது சேவை நாயின் வேலையே இல்லை. இனத்தைவிடக் குணம் முக்கியம். ஃப்ளோரிடாவின் கே9ஸ் ஃபார் வாரியர்ஸ் அமைப்பு காப்பகங்களில் விடப்பட்ட நாய்களிலிருந்தே பலவற்றைத் தேர்ந்தெடுத்துப் பழக்குகிறது.

கேள்வி: யாருக்கு எந்த நாய் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

பதில்: என் வேலையில் ரொம்பக் கவனமாக இருக்கும் இடம் இது. நன்றாகப் பழகிய நாயும் பொருந்தாத கைக்குப் போனால் வீண்தான். முதலில் அவர் நடக்கும் வேகத்தைப் பார்ப்போம். மெதுவாக, சாய்ந்து நடப்பவருக்கு இழுத்துக்கொண்டு ஓடும் நாய் ஆகாது. வீட்டில் சின்னக் குழந்தைகள் உண்டா, மாடிப்படி உண்டா, வேலைக்குப் போகிறாரா, பேசும்போது குரல் உயருமா, எல்லாம் கேட்போம். குரல் உயர்ந்தால் சுருண்டுகொள்ளும் நாய் உண்டு. கண்டுகொள்ளாமல் வந்து பக்கத்தில் படுக்கும் நாயும் உண்டு. பார்வையற்றோருக்கான நாய்ப் பள்ளிகளில் பயிற்சியாளரே நாயின் இடத்தில் இருந்து, சேணத்தைப் பிடித்துக்கொண்டு விண்ணப்பித்தவரோடு நடந்து பார்ப்பார். அதற்கு ஜூனோ நடை என்று பெயர். எங்கள் வேலைக்கும் அதே கண் வேண்டும்.

அதன் பிறகு இரண்டு மூன்று வாரம் அவர் எங்களோடு தங்கிப் பழகுவார். முதல் இரண்டு நாளில் நாய் பயிற்சியாளரையே திரும்பித் திரும்பிப் பார்க்கும். அதைக் கண்டு மனம் விடக்கூடாது. தீனி, குளியல், நடை எல்லாம் புதியவர் கையால் நடக்க நடக்க, அதன் பார்வை அவர் பக்கம் திரும்பும்.

கேள்வி: என் கணவர் தீயணைப்பு வீரர், 24 மணி நேர ஷிஃப்ட். நாயை நிலையத்துக்குக் கூட்டிப் போகலாமா?

பதில்: நிலையத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் நாய் வேறு, ஒருவருக்கென்றே பழக்கிய சேவை நாய் வேறு. இரண்டாவது வகைக்கு, பணியிட வசதியாகக் கருதி அனுமதி தரும்படி அவர் தன் துறையிடம் முறையாகக் கேட்க வேண்டும். அழைப்பு வந்து வண்டி கிளம்பும்போது நாய் யாரோடு இருக்கும் என்பதற்குப் பதில் இல்லாமல் விண்ணப்பிக்க வேண்டாம். சைரனுக்குப் பயப்படாத நாயா என்று நாங்கள் சோதித்துவிடுவோம்.

கேள்வி: இணையத்தில் காசு கட்டினால் சான்றிதழ் தருகிறார்களே?

பதில்: வாங்காதீர்கள். 1990-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் எந்தச் சான்றிதழும் கேட்பதில்லை. கடைக்காரர் இரண்டே கேள்வி கேட்கலாம்: உடல்நிலை அல்லது மனநிலைக் குறைபாட்டுக்குத் தேவையான சேவை நாயா, என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறீர்கள்? ஆறுதலுக்கு மட்டும் வைத்திருக்கும் நாய் இந்தச் சட்டத்தில் வராது.

கேள்வி: கோயிலுக்குள் விடுவார்களா?

பதில்: உணவகமும் கடையும் மறுக்க முடியாது. மத அமைப்புகளுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு, அதனால் கோயில் மறுக்கலாம். முன்கூட்டியே போன் செய்து பேசிவிடுங்கள்.

கேள்வி: செலவு?

பதில்: ஒரு நாயை வளர்த்துப் பழக்க 50,000 டாலருக்கு மேலும் ஆகும். நல்ல அமைப்புகள் வீரரிடம் ஒன்றும் வாங்குவதில்லை, நன்கொடையில் நடக்கின்றன. முன்னாள் ராணுவத்தினர் நலனைப் பார்க்கும் வி.ஏ. என்ற அரசுத் துறை நாயை வாங்கித் தராது; அங்கீகாரம் பெற்ற அமைப்பிலிருந்து வந்த நாய் என்றால், தகுதியுள்ளவர்களுக்குக் கால்நடை மருத்துவச் செலவை ஏற்கும். காத்திருப்பு ஒரு வருடத்தைத் தாண்டலாம். இப்போதே விண்ணப்பியுங்கள்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் ராணுவத்தில் யாரும் இல்லை. ஆனாலும் உதவ ஆசை.

பதில்: சேவை நாய் அமைப்புக்காகக் குட்டி வளர்க்கலாம். எட்டு வார வயதில் வாங்கி, ஏறக்குறைய ஒன்றரை வயது வரை வீட்டில் வைத்துப் பழக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். நியூயார்க்கின் பப்பீஸ் பிஹைண்ட் பார்ஸ் 1997 முதல் சிறைக் கைதிகளைக் கொண்டே இதைச் செய்கிறது. உங்கள் வீட்டில் ஒரே கண்டிப்பு: நீங்கள் சாப்பிடும் தட்டிலிருந்து ஒரு வாய்த் தோசைகூடக் கொடுக்கக் கூடாது. பாட்டி தாத்தா வந்து தங்குவதாக இருந்தால் அவர்களிடமும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.