வாந்திக்குக் கஞ்சா மிட்டாயா?

கேள்வி: எனக்கு இது பதினோராவது வாரம். காலையில் ஆரம்பிக்கிற வாந்தி ராத்திரி வரை விடுவதில்லை. பக்கத்து வீட்டில் மீன்குழம்பு கொதித்தாலே குடல் புரட்டுகிறது. கனடாவில் இருக்கிற மைனி, "இங்கே சில பிள்ளத்தாச்சிகள் கஞ்சா மிட்டாய் போட்டுத்தான் சமாளிக்காங்க, வேணும்னா குடுத்து விடுதேன்" என்கிறாள். வீட்டுக்காரரோ, அது மூலிகைதானே, லேகியத்திலேயே சேர்ப்பார்களே என்கிறார். டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. சாப்பிடலாமா?
– பெயர் வேண்டாம், கருங்கல்

பதில்: வேண்டாம் மக்களே. கேட்டதற்காகத் திட்டமாட்டேன். தண்ணீர்கூட வயிற்றில் தங்காத நேரத்தில் யார் எதை நீட்டினாலும் வாங்கத்தான் தோன்றும்.

மைனி சும்மா சொல்லவில்லை. கனடாவில் 2018 அக்டோபர் முதல் கஞ்சாவைக் கடையிலேயே வாங்கலாம், அதில் உள்ள டிஹெச்சி என்கிற போதைப் பொருளைச் செயற்கையாகத் தயாரித்துப் புற்றுநோய்க்காரர்களின் குமட்டலுக்கு மருந்தாகவும் கொடுக்கிறார்கள், அதனால்தான் இந்தப் பேச்சே வருகிறது. ஆனால் அந்த நாட்டுக் கஞ்சா டப்பாக்களில் அரசாங்கம் அச்சடிக்கச் சொல்லும் எச்சரிக்கைகளில் ஒன்று, கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தொடக்கூடாது என்பது. அதை மைனி வாசிக்கவில்லை போல.

டிஹெச்சி கொழுப்பில் கரையும். நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும். இன்றைக்குப் போட்டு நாளைக்குப் போய்விடுகிற சமாசாரம் இல்லை, உடம்புக் கொழுப்பில் ஒளிந்து நாள்கணக்கில் கசியும். கஞ்சா எடுத்த தாய்மாருக்கு எடை குறைந்த பிள்ளை, குறைமாதப் பிரசவம், பிள்ளையை ஐசியூவில் வைப்பது எல்லாம் கூடுதலாக நடப்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் பலர் சிகரெட்டும் பிடிப்பவர்கள் என்பதால் பழி எதற்கு எவ்வளவு என்று வாதாடலாம்தான், ஆனால் இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவை இதுவரை யாரும் காட்டவில்லை. கஞ்சாச் செடியிலிருந்தே எடுக்கிற சிபிடி எண்ணெய் என்று வேறு பெயரில் வந்தாலும் பதில் இதுதான்.

இன்னொரு கூத்து. கஞ்சாவை வழக்கமாக எடுப்பவர்களில் சிலருக்கு அதுவே அடங்காத வாந்தியைக் கொண்டுவரும். 2004-ல் ஆஸ்திரேலிய டாக்டர்கள் எழுதினார்கள், சுடுதண்ணியில் குளித்துக்கொண்டே இருந்தால்தான் அவர்களுக்கு ஆசுவாசமாம்.

மூலிகை என்கிறாரே உங்கள் வீட்டுக்காரர், எட்டிக்கொட்டையும் சித்த மருந்தில் சேர்வதுதான், அதற்காக யாரும் கடித்துத் தின்பதில்லை. அப்புறம் கனடா சட்டம் கருங்கலுக்கு வராது. 1985-ம் வருஷப் போதைப்பொருள் சட்டப்படி அந்தப் பார்சலை வரவழைப்பதே குற்றம், வளைகாப்புக்கு முன்னால் கோர்ட் வாசல் எதற்கு?

சரி, வாந்திக்கு என்ன வழி? டாக்ஸிலமின் என்கிற மருந்தும் வைட்டமின் பி6-ம் சேர்ந்த மாத்திரை பல வருஷமாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பது, டாக்டர் எழுதித் தருவார். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தங்காவிட்டால், மூத்திரம் குறைந்து கருமஞ்சளாகப் போனால், ஐம்பது கிலோ இருந்த நீங்கள் இரண்டரை கிலோ இறங்கியிருந்தால் காத்திருக்காதீர்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமோ ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜோ, எது கிட்டவோ அங்கே போங்கள், முடியாவிட்டால் 108. அங்கே மூத்திரத்தில் ஒரு பட்டையை நனைப்பார்கள், அதில் கீட்டோன் கட்டம் ஊதாவாக மாறினால் உடம்பு பட்டினியில் இருக்கிறது என்று அர்த்தம், வைட்டமின் பி1 ஊசியும் டிரிப்பும் ஏறினால் அன்றைக்கே பலருக்கு முகம் தெளிந்துவிடும்.

வீட்டில் ஆறின கஞ்சி, அவித்து ஆறவைத்த மரச்சீனி, இளநி என்று கொஞ்சம் கொஞ்சமாக. சூடு இல்லாததற்கு வாசனையும் குறைவு. மீன்குழம்பு கொதிக்கும் நேரத்தில் வாசலுக்கு வந்து உட்காருங்கள், மாமியார் ஏதாவது சொன்னால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். ஏற்கனவே ஒன்றிரண்டு மிட்டாய் போட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்க வேண்டாம், இப்போது நிறுத்தினாலும் பிள்ளைக்கு லாபம்தான்.

கேள்வி: பிள்ளைக்கு இரண்டு மாதம். தூக்கத்துக்காக ஒரு தடவை கஞ்சா எடுத்தால் தாய்ப்பாலில் வருமா?
– வாசகி, குளச்சல்

பதில்: வரும். 2018-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஆறு நாள் கழித்தும் பாலில் டிஹெச்சி கண்டிருக்கிறார்கள். ஒரு வேளைப் பாலைக் கறந்து கொட்டிவிட்டால் தீர்ந்தது என்ற கணக்கு இதற்குச் சரிவராது. தூக்கமில்லாமல் அழுகையும் வருகிறதென்றால் அதைத் தனியாக டாக்டரிடம் சொல்லுங்கள், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்குப் பால் கொடுத்துக்கொண்டே எடுக்கிற மருந்து இருக்கிறது.