சிறு வியாபாரத்துக்குக் கையில் எடுத்துப் போகும் கார்டு மெஷின்: எதைப் பார்த்து வாங்குவது?

வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வாடிக்கையாளர்கள் கார்டை நீட்டுகிறார்கள், எந்த மெஷின் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் துணிப்பை தைத்து கண்காட்சிகளில் கடை போடுகிறவள். ஆறு வருடத்தில் மூன்று மெஷின் மாற்றிவிட்டேன். முதல் இரண்டையும் எடுத்தபோது திரை பெரிதாக இருக்கிறதா, கையில் கனக்கிறதா என்றுதான் பார்த்தேன். நான் நிற்கப்போகும் இடத்தில் சிக்னல் கிடைக்குமா என்று பார்க்கவில்லை, ஒப்பந்தத்தையும் படிக்கவில்லை. பட்ட கஷ்டமெல்லாம் இந்த இரண்டால்தான்.

சிக்னலில் ஆரம்பிக்கிறேன். ஒரு கண்காட்சிக் கூடம் தரைக்குக் கீழே இருந்தது. ஒரு அம்மா மூன்று பை எடுத்தார். கார்டைச் சொருகி பின் நம்பர் போட்டார். 'காத்திருக்கவும்' என்று திரையில் சுற்றிக்கொண்டே இருந்தது, கடைசியில் பதில் வரவில்லை என்று காட்டிவிட்டு நின்றது. நான் யோசிக்காமல் இன்னொரு தடவை போடச் சொன்னேன். இந்தத் தடவை ரசீது வந்தது. இரவு அவர் போன் செய்தார், கணக்கில் இரண்டு தடவை பணம் பிடித்திருக்கிறது என்று.

நடந்தது இதுதான். முதல் தடவையே கோரிக்கை அவருடைய வங்கிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வங்கி 'சரி' என்று சொன்ன பதில்தான் என் மெஷினுக்கு வந்து சேரவில்லை. இப்படி ஆனால் மெஷின் தானாகவே 'முன்னால் கேட்டதை ரத்து செய்' என்று ஒரு தகவல் அனுப்பும். ரிவர்சல் என்பார்கள். அதுவும் அதே சிக்னலில்தானே போக வேண்டும்? எனக்குத்தான் சிக்னலே இல்லையே. அந்த அம்மாவுக்குப் பணம் திரும்பக் கிடைக்க ஐந்து நாள் ஆனது. அவர் கோபப்பட்டதில் தப்பே இல்லை. அன்றிலிருந்து திரை பாதியில் நின்றால் மறுபடி கார்டைத் தொடவே மாட்டேன். மெனுவில் கடைசிப் பரிவர்த்தனை என்ன ஆனது என்று பார்ப்பேன், வெளியே போய் சிக்னல் பிடிப்பேன், அதற்கப்புறம்தான் எல்லாம். நீங்களும் இதை முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள்.

ஒரு பரிவர்த்தனைக்கு மெஷின் அனுப்புவது சில கிலோபைட்தான். அதனால் இணைய வேகம் பெரிய விஷயமே இல்லை, விட்டுப்போகாத சிக்னல்தான் வேண்டும். 2ஜி, 3ஜி மட்டும் உள்ள பழைய மாடலை மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், பல நாடுகளில் அந்த நெட்வொர்க்குகளை மூடிக்கொண்டிருக்கிறார்கள். 4ஜி சிம், கூடவே வைஃபை, இரண்டும் உள்ளதாக எடுங்கள். மெஷின் சிம் கைவிட்டால் உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு வேலையை முடித்துவிடலாம். போனில் வேறு நிறுவனத்தின் சிம் இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் வேலை சமையலறை மூலையிலும் கார் நிறுத்தும் அடித்தளத்திலும் நடப்பது. மெஷின் தருகிறவர்களிடம் ஒரு வாரம் சோதனைக்குக் கேளுங்கள். அந்த ஒரு வாரமும் வழக்கமான வீடுகளுக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள்.

வகை என்று பார்த்தால் மூன்றுதான். சிம், பேட்டரி, ரசீது அச்சு எல்லாம் உள்ளேயே இருக்கும் தனி மெஷின் ஒன்று. போனோடு புளூடூத்தில் சேர்ந்து வேலை செய்யும் உள்ளங்கை அளவு ரீடர் இன்னொன்று. மூன்றாவதில் மெஷினே கிடையாது, என்எஃப்சி (கார்டைப் பக்கத்தில் கொண்டுவந்தாலே படிக்கும் வசதி) உள்ள உங்கள் போனே கார்டைத் தட்டிப் பணம் வாங்கிக்கொள்ளும். மூன்றாவது சுலபமாகத் தெரியும், ஆனால் சிப்பைச் சொருக வழியில்லை. தட்டினால் ஏற்காத கார்டு வந்தால் கையை விரிக்க வேண்டியதுதான். ரீடரில் சிப்பும் தட்டுவதும் உண்டு, ஆனால் உங்கள் போன் சார்ஜ் தீர்ந்தால் அதுவும் படுத்துவிடும். தினமும் நாலைந்து வீடு என்றால் ரீடரே போதும் என்று நினைக்கிறேன். ரசீதை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பிவிடலாம். காகித ரசீது கட்டாயம் என்கிற வாடிக்கையாளர்கள் அதிகமிருந்தால் மட்டும் தனி மெஷினுக்குப் போங்கள்.

கார்டைத் தேய்க்கும் பட்டையை ஒரு பொருட்டாகவே எடுக்காதீர்கள். மாஸ்டர்கார்டு 2021-லேயே அறிவித்துவிட்டது, காந்தப் பட்டையைப் படிப்படியாக விலக்கி 2033-க்குள் தன் கார்டுகளில் அது இல்லாமலே செய்துவிடுவதாக. சிப்பும் தட்டுவதும் நன்றாக வேலை செய்தால் போதும். தட்டும்போது கார்டு நாலு சென்டிமீட்டருக்குள் வர வேண்டும். சில மெஷினில் திரை மேல் தட்ட வேண்டும், சிலதில் தலைப்பக்கம். வாடிக்கையாளர் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் அடையாளம் பெரிதாக அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி பணக் கணக்கு. இதை நிதானமாகப் படியுங்கள். ஒரு நிறுவனம் வாடகை இல்லை, 2.5% கமிஷன் என்கிறது. இன்னொன்று 1.5% கமிஷன், மாத வாடகை 300 என்கிறது. வித்தியாசம் 1%. அந்த 1% வாடகைத் தொகையான 300-க்குச் சமமாக வேண்டுமானால், ஒரு மாதத்தில் 30,000-க்குக் கார்டில் விற்க வேண்டும். 20,000-க்கு விற்றால் முதலாவதில் 500 போகும், இரண்டாவதில் 600. 50,000-க்கு விற்றால் முதலாவதில் 1,250, இரண்டாவதில் 1,050. எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு போடும் முறை இதுதான். கண்காட்சியே இல்லாத மாதங்களிலும் வாடகை ஓடிக்கொண்டிருக்கும் என்பதை நான் மறந்துவிட்டேன். இரண்டாவது மெஷினில் நான் இழந்தது அப்படித்தான்.

சதவீதத்தோடு ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு நிலையான தொகையையும் சிலர் சேர்ப்பார்கள். அது 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். 60-க்கு ஒரு சின்னப் பர்ஸ் விற்றால் அந்த 3 மட்டுமே 5% ஆகிவிடுகிறது. 1,000-க்கு நீங்கள் ஒரு பழுது பார்த்தால் அதே 3 வெறும் 0.3%. எனக்கு அது விஷம், உங்களுக்கு ஒன்றுமேயில்லை. அதனால் நான் வைத்திருக்கும் மெஷினையே நீங்களும் வாங்க வேண்டாம்.

விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் ஆகக் குறைந்த சதவீதம். டெபிட், கிரெடிட், வெளிநாட்டு கார்டு, நிறுவனங்கள் தரும் கார்டு என்று ஒவ்வொன்றுக்கும் விகிதம் மாறும். கமிஷனில் ஒரு பங்கு கார்டு கொடுத்த வங்கிக்கும் விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நெட்வொர்க்குக்கும் போய்விடும். மீதி உங்களுக்கு மெஷின் தருகிறவருடைய பங்கு. பேரம் பேச முடிவது அந்தப் பங்கில்தான். எல்லா வகைக்குமான விகிதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தம் எத்தனை மாதம், நடுவில் விட்டால் என்ன பிடிப்பார்கள், பணம் கணக்குக்கு வர எத்தனை நாள், ரிஃபண்ட் கொடுத்தால் கமிஷன் திரும்புமா, இவையும் எழுத்தில் இருக்கட்டும். பல இடங்களில் அந்தக் கமிஷன் திரும்பாது. செட்டில்மென்ட், அதாவது அன்றைய வசூலை முடித்து உங்கள் கணக்குக்கு அனுப்புவது, தானாக நடக்குமா, தினமும் நீங்களே பொத்தானை அழுத்த வேண்டுமா என்றும் கேளுங்கள். என் முதல் மெஷினில் நானே அழுத்த வேண்டியிருந்தது. எனக்கு அது தெரியாமல் மூன்று நாள் பணம் வராமல் பயந்து போனேன்.

பழைய மெஷின் மலிவாகக் கிடைக்கிறது என்று யாரிடமும் வாங்கிவிடாதீர்கள். பின் நம்பரை மறைத்து அனுப்பும் ரகசியச் சாவிகள் அதற்குள் இருக்கும், ஒரு குறிப்பிட்ட நிறுவனத்துக்காக ஏற்றியவை. வேறு நிறுவனத்தோடு அது பேசாது. யாராவது மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கும் உணர்விகள் அந்தச் சாவிகளை அழித்துவிடும். என் இரண்டாவது மெஷின் ஒரு தடவை மேசையிலிருந்து விழுந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை, ஆனாலும் உள்ளே யாரோ கைவைத்ததாக நினைத்துப் பூட்டிக்கொண்டது. மாற்று மெஷின் வரும்வரை ரொக்கம்தான். ரப்பர் உறை போட்டுக்கொள்ளுங்கள், பழுதானால் மாற்று மெஷின் எத்தனை நாளில் வரும் என்றும் கேட்டு வையுங்கள். ஐந்து கார்டு நிறுவனங்கள் சேர்ந்து 2006-ல் தொடங்கிய, கார்டு பாதுகாப்பு விதிகளை வகுக்கும் பிசிஐ பாதுகாப்புக் குழுவின் இணையதளத்தில், அங்கீகாரம் பெற்ற மாடல்களும் ஒவ்வொன்றின் காலாவதித் தேதியும் இருக்கும். உங்களுக்குக் காட்டும் மாடலை அதில் தேடிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

ரசீது ரோல் பற்றி ஒரு வரி: நகத்தால் கீறினால் கறுக்கிற பக்கம்தான் அச்சாகும் பக்கம், மாற்றிப் போட்டால் வெறும் வெள்ளைத் தாள்தான் வரும். வெயிலில் நிறுத்திய வண்டியில் ரோலை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இதைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. இரண்டாவது மெஷின் முழுக்கத் தொடுதிரை, அழகாக இருக்கும். ஒரு நாள் பார்வையில்லாத ஒருவர் மகளுக்குப் பை வாங்க வந்தார். வழவழப்பான கண்ணாடியை இரண்டு தடவை தடவிப் பார்த்தார். பிறகு தன் பின் நம்பரை வாய்விட்டுச் சொல்லி, "நீங்களே போட்டுடுங்கம்மா" என்றார். பின்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள். எனக்குக் குரலே வரவில்லை. பொத்தான் வைத்த மெஷினில் 5-ன் மேல் ஒரு சின்னப் புள்ளி மேடாக இருக்கும். அதை விரலால் தொட்டுவிட்டால் மற்ற எண்களைப் பார்க்காமலே அழுத்திவிடலாம். இப்போது என்னிடம் இருப்பது அப்படிப்பட்டது. தொடுதிரை மெஷின்களிலும் சிலவற்றில் பார்வையற்றோருக்கான முறை உண்டு. அது இருக்கிறதா என்று கேளுங்கள், இருக்கிறது என்றால் உங்கள் முன்னால் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

உங்களுக்கு மாதத்தில் எத்தனை பில் கார்டில் வருகிறது, ஒரு பில் சராசரியாக எவ்வளவு என்று கீழே எழுதுங்கள். கையில் இருக்கும் கொட்டேஷன்களில் உள்ள விகிதங்களையும் போடுங்கள், எது லாபம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.