பீச்ல படர்ற பிங்க் பூ செடிய பறிச்சு சாப்பிடலாமா?

கடலோரத்துல தரையோட படர்ந்து, தடியான இலையும் சின்ன பிங்க் பூவுமா இருக்கே, அது கீரைன்னு சொல்றாங்க, நம்பி பறிக்கலாமான்னு ஒருத்தர் கேட்டிருக்கார்.

நீங்க சொல்றது பெரும்பாலும் ஓர்பூடு, அறிவியல் பேர் செசூவியம் போர்டுலகாஸ்ட்ரம். சாப்பிடற செடிதான், ஆனா அதேதானான்னு முதல்ல பாருங்க. தண்டு செவந்து சதைப்பத்தா இருக்கும், கணுவுக்கு கணு வேர் விடும், இலை ரெண்டு ரெண்டா எதிரெதிரா வரும். பூ கணுவுல ஒத்தையா, குட்டி காம்போட, அஞ்சு இதழ் நட்சத்திரம் மாதிரி, உள்பக்கம் பிங்க், வெளிப்பக்கம் பச்சை. ஒரு நாள்ல சில மணி நேரம்தான் விரிஞ்சிருக்கும், அதனால பூ தெரியலன்னா அவசரப்படாம இன்னொரு நேரம் போய் பாருங்க, பூ பார்க்காம பறிக்கறது எனக்கு பிடிக்காத விஷயம்.

சாரணையும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும், ஆனா அதுல ஜோடி இலைல ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு, பூவுக்கு காம்பே இருக்காது, கணுக்குள்ள ஒளிஞ்சுக்கும். எந்த செடியா இருந்தாலும் தண்ட கிள்ளினா பால் வந்தா தொடவே வேணாம். இதைவிட பயப்பட வேண்டியது அதே உப்பு மண்ணுல வர்ற தேள்கொடுக்கு இனத்து செடி ஒண்ணு, இலை சாம்பல் பூத்த பச்சையா தடியா இருக்கும், வெள்ளைப் பூ தேள் வால் மாதிரி சுருண்ட காம்புல வரிசையா நிக்கும். அதுல கல்லீரல கெடுக்கற ஆல்கலாய்டு இருக்கு, வேக வெச்சாலும் போகும்னு நம்பாதீங்க. மென்னு பார்த்து உப்பு கரிச்சா சரியான செடின்னு சிலர் சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன், கடலோரத்துல பல செடி உப்பு கரிக்கும்.

செடி சரின்னா அடுத்து இடம், எனக்கு இதுதான் பெரிய கேள்வி. ஓர்பூடு மண்ணுல இருக்கற காட்மியம், ஈயம் மாதிரி கன உலோகத்தையும் உறிஞ்சி வெச்சுக்கும், கெட்டுப்போன மண்ண சுத்தம் பண்ண இதையே நட்டு ஆராய்ச்சி பண்றாங்கன்னா பாத்துக்கோங்க. சாக்கடை கலக்கற முகத்துவாரம், துறைமுகம், ஃபேக்டரி, இறால் பண்ணை கழிவு வர்ற பக்கம்லாம் வேண்டவே வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் உள்ள போனது வராது.

நல்ல இடம்னா நுனித்தளிர மட்டும் கிள்ளுங்க, மணல் போக அலசி, உப்பு போடாத நிறைய தண்ணில சில நிமிஷம் கொதிக்க விட்டு தண்ணிய கொட்டிடுங்க, உப்பும், கிட்னி கல்லுக்கு காரணமாகற ஆக்சலேட்டும் ஓரளவு எறங்கும். இன்னும் கரிச்சா இன்னொரு தடவை. சமைக்கும்போது கடைசில ருசி பார்த்துட்டு, தேவைன்னா மட்டும் உப்பு. பிபி, கிட்னி ஸ்டோன் உள்ளவங்க தவிர்க்கறது நல்லது, மத்தவங்களும் முதல் தடவை ரெண்டு வாய் சாப்பிட்டு மறுநாள் வரைக்கும் பாருங்க.