ஸ்லாப் பேஸும் இடது கையும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். செம்பூரில் இருக்கிறேன், வயது 26. அந்தேரியில் மென்பொருள் வேலை. மும்பைத் தமிழர்களின் மெல்லிசைக் குழுக்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்ததிலிருந்தே உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடமாக பேஸ் கிட்டார் கற்கிறேன். ஆசிரியர் கிடையாது. ரயிலில் போகும்போதும் வரும்போதும் போனில் வீடியோ பார்ப்பேன், ராத்திரி வீட்டில் வாசித்துப் பார்ப்பேன். ஆம்ப் (ஒலிபெருக்கி) போட்டால் பக்கத்து வீட்டில் சண்டை வரும் என்பதால் அது இல்லாமலேயே வாசிக்கிறேன். ஆறு மாதமாக ஸ்லாப், அதாவது கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசிக்கும் முறை மட்டும்தான். வேகம் ஓர் அளவுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. கட்டைவிரலில் கொப்புளம். கட்டைவிரல் மேலே பார்க்க வேண்டுமா, கீழே பார்க்க வேண்டுமா? என்னிடம் இருப்பது விலை குறைந்த பேஸ், நல்லதாக ஒன்று வாங்கினால் சரியாகுமா? பேஸ் கலைஞர் மோகினி டே மாதிரி வாசிக்க எத்தனை வருடம் ஆகும்? தமிழ்ப் பாட்டுக்கு ஸ்லாப் ஒத்துவராது என்பதால் ஃபங்க் என்கிற அமெரிக்க ஆட்ட இசை மட்டுமே வாசிக்கிறேன். அப்பாவுக்கு இது புரியவில்லை. "ராத்திரியில கதவத் தட்டற மாதிரி டொக் டொக்குன்னு என்னடா சத்தம்" என்கிறார்.

கே., செம்பூர், மும்பை

அன்புள்ள கே.,

எங்கள் மேல் வீட்டில் ஒரு சிறுவன் மிருதங்கம் கற்க ஆரம்பித்திருக்கிறான். பள்ளிக்குக் கிளம்பும் முன் த தி தொம் நம். சாயங்காலம் வந்ததும் மறுபடியும் த தி தொம் நம். அதைக் கேட்டுக்கேட்டு ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் கொப்புளத்துக்கு மருந்து சொல்லி இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

அந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'த' என்பது தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடது பக்கத் தோலில், மூடிய அடி. அடித்த கை தோலிலேயே நிற்கிறது, சத்தம் அங்கேயே அடங்குகிறது. 'தொம்' அதே தொப்பியில் திறந்த அடி. விரல்கள் உடனே விலகுகின்றன, நாதம் நீள்கிறது. ஒலியை எங்கே விட வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும் என்பதைத்தான் குழந்தைக்கு முதல் பாடமாக வைத்திருக்கிறார்கள். வேகத்தைப் பற்றி அந்த வீட்டில் இன்னும் யாரும் பேச்செடுக்கவில்லை. உங்கள் கடிதத்திலோ முதலிலிருந்து கடைசிவரை வலது கைக் கட்டைவிரல்தான். இடது கை என்று ஒன்று இருப்பதற்கான அடையாளமே இல்லை.

அப்பாவுக்குப் புரியவில்லை என்கிறீர்கள். அவருக்குச் சரியாகத்தான் கேட்டிருக்கிறது. ஸ்லாப்பில் கட்டைவிரல் எலும்பின் பக்கவாட்டால் கம்பியை அடிக்கிறோம். கம்பி போய்க் கடைசி ஃப்ரெட்களில், அதாவது கழுத்தில் பதித்த உலோகக் கட்டைகளில், மோதுகிறது, அது ஒரு 'டக்'. அதற்குப் பின்னால் கம்பியின் சுரம் வருகிறது. இரண்டும் சேர்ந்ததுதான் ஸ்லாப். கனமான E கம்பியைச் சும்மா விட்டு அடித்தால் சுமார் 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் அவ்வளவு கீழே உள்ள ஒலி வராது. இயர்போன் போட்டுக் கேட்டாலும் குர்லாவைத் தாண்டும் ரயிலின் இரைச்சல் அந்த அடிச் சுரத்தைத்தான் முதலில் விழுங்கும். மிஞ்சுவது 'டக்' மட்டும். அதைக் கேட்டுப் பழகிவிட்டு, வீட்டுக்கு வந்து ஆம்ப் இல்லாத பேஸில் வாசிக்கிறீர்கள். உள்ளே குடைவு இல்லாத கட்டை மரத்தில் செய்த கருவி அது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும் ஆம்பும் இல்லாமல் அதில் சுரம் எங்கே கேட்கும்? கேட்கவில்லை என்பதால் இன்னும் ஓங்கி அடிக்கிறீர்கள். கொப்புளம் வந்தது அப்படித்தான். வேகம் ஏறாததற்கும் இதுவே காரணம், ஓங்கிய கை திரும்பி வர நேரம் எடுக்கும். ஆறு மாதமாக நீங்கள் கதவைத் தட்டப் பயிற்சி எடுத்திருக்கிறீர்கள், அப்பா அதைக் கேட்டுச் சொல்லியிருக்கிறார். அவரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒளிவுமறைவில்லாமல் சொல்லும் காது வீட்டிலேயே கிடைப்பது அபூர்வம்.

இந்த முறை எப்படி வந்தது என்று எந்த வீடியோவிலாவது சொன்னார்களா? நியூ ஆர்லியன்ஸில் பாப்ஸ் ஃபாஸ்டர் போன்றவர்கள் நிற்கவைத்து வாசிக்கும் பெரிய டபுள் பேஸின் கம்பியை இழுத்துவிட்டு மரத்தில் அறைய வைத்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்திலேயே உண்டு. ஆனால் நீங்கள் வாசிக்கும் எலெக்ட்ரிக் பேஸ் ஸ்லாப், லாரி கிரஹாமின் கையிலிருந்து வந்தது. 1946இல் டெக்சாஸில் பிறந்து கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் வளர்ந்தவர். அம்மா டெல் கிரஹாம் பியானோ வாசித்துப் பாடுவார், பையன் கிட்டார், கூட ஒரு டிரம்மர். அவர்கள் வாசித்த ஓரிடத்தில் காலால் மிதித்து பேஸ் வாசிக்கிற ஆர்கன் ஒன்று இருந்தது. கையில் கிட்டார், காலில் பேஸ் என்று லாரி பழகிக்கொண்டார். ஒருநாள் ஆர்கன் பழுதானது. அது சரியாகும்வரை இருக்கட்டும் என்று ஒரு பேஸ் கிட்டாரை வாடகைக்கு எடுத்தார். ஆர்கனைச் சரிசெய்ய முடியவில்லை, பேஸ் அவர் கையிலேயே தங்கிவிட்டது. அப்புறம் அம்மா டிரம்மர் இல்லாமல் இருவராகவே வாசிப்பது என்று முடிவெடுத்தார். டிரம்ஸ் இல்லாத குறையைத் தீர்க்க, லாரி கால் டிரம் விழ வேண்டிய இடத்தில் கட்டைவிரலால் அடித்தார். ஸ்னேர் என்கிற சிறிய டிரம் விழ வேண்டிய இடத்தில் விரலைக் கம்பிக்கு அடியில் கொடுத்துச் சுண்டினார். தன்னை கிட்டார்க்காரனாகவே நினைத்துக்கொண்டிருந்ததால், பேஸ் பிடிக்கும் 'சரியான' முறை பற்றி அவர் கவலைப்படவே இல்லை.

கவனியுங்கள், பிள்ளை அம்மாவின் பாட்டு கீழே விழாமல் தாங்கிப் பிடித்தான், அவ்வளவுதான். தன் திறமையைக் காட்ட அல்ல. பிறகு அவர் ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் குழுவுக்குப் போனார். 1969 கடைசியில் வந்த அவர்களுடைய 'தேங்க் யூ' பாட்டை நல்ல ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். கிட்டத்தட்ட பாட்டு முழுக்க ஒரே கார்டில் (ஒரே சுரக் கூட்டில்) நிற்கிறது. அதில் வேகம் எங்கே இருக்கிறது? அடி விழும், சுரம் நிற்கும், அறுந்துவிடும். அந்த அறுந்த இடத்தில்தான் உங்கள் கால் ஆடும்.

அறுப்பது இடது கையின் வேலை. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை.

தாராவியில் நான் இரண்டாம் கிட்டார் வாசித்த குழுவில் ஒரு அண்ணன் பேஸ் வாசித்தார். திருநெல்வேலிப் பக்கம். பகலில் மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை, ராத்திரி கச்சேரி. பாந்த்ராவில் ஒரு கோவாக்காரரிடம் பேஸ் கற்றவர். அவருக்கு ஸ்லாப் நன்றாகத் தெரியும். ஆனால் மேடையில் அதை வாசித்து நான் பார்த்ததில்லை. ஒரு கணபதி உற்சவத்தின்போது பேய்மழை. சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவே தண்டவாளத்தில் தண்ணீர், வண்டிகள் நின்றுவிட்டன. டிரம்மரும் தபலாக்காரரும் டோம்பிவிலியிலிருந்து வர வேண்டியவர்கள். தார்ப்பாய்ப் பந்தலுக்குள் ஜனம் காத்திருக்கிறது. அண்ணன் ஆம்பில் ட்ரெபிளை (மேல் ஒலியை) கொஞ்சம் ஏற்றினார், பாடகரைப் பார்த்துத் தலையை அசைத்தார், ஆரம்பித்துவிட்டார்.

நான் அவருக்கு வலப்புறம் நின்றிருந்தேன். கட்டைவிரல் போகிற வேகத்தைப் பார்க்கலாம் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தால், அது அதிகம் நகரவே இல்லை. மணிக்கட்டு லேசாகச் சுழல்கிறது, விரல் கம்பியைத் தொட்டதும் துள்ளி விலகுகிறது. இரண்டு பாட்டுக்கு நடுவே அவர் என் பக்கம் குனிந்து, "வலது கைய ஏம்ல பாக்க, இடது கையப் பாருல" என்றார். பார்த்தேன். ஒரு விரல் சுரத்தை அழுத்தியிருக்க, மற்ற விரல்கள் நான்கு கம்பிகள்மேலும் படுத்திருந்தன. சுரம் முடிய வேண்டிய இடத்தில் அழுத்தின விரலை அவர் எடுக்கவில்லை, அழுத்தத்தை மட்டும் தளர்த்தினார். கம்பி ஃப்ரெட்டை விட்டு ஒரு மயிரிழை எழும்பியது, விரல் இன்னும் கம்பிமேல்தான், சுரம் அந்த நொடியே செத்தது. அடுத்த அடியில் கை அப்படியே படுத்திருக்கக் கட்டைவிரல் விழுந்தது, சுரமில்லாத ஒரு 'துக்'. அது டிரம்மரின் வேலை. பிறகு மறுபடி அழுத்தம், சுரம், அது பேஸ்காரரின் வேலை. இரண்டு பேர் சம்பளத்துக்கு உரிய வேலையை ஒரு மனிதர் பார்த்துக்கொண்டிருந்தார். டிரம்ஸ் இல்லை என்பதே பந்தலில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. அவரை யாரும் தனியாகப் பாராட்டவும் இல்லை. அன்று அவர் வாசித்ததைவிட நல்ல ஸ்லாப்பை நான் நேரில் கேட்டதில்லை.

எனவே உங்களுக்குச் சொல்கிறேன், இதைமட்டும் தயவுசெய்து செய்யுங்கள். மெட்ரனோமை (தாளம் தட்டும் கருவியை) நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். 60 என்றால் 60, எரிச்சல் வந்து 90க்குப் போகாதீர்கள். A கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டைப் பிடித்து முதல் தட்டுக்குக் கட்டைவிரலால் அடியுங்கள். இரண்டாம் தட்டு விழும் அதே நொடியில் அழுத்தத்தைத் தளர்த்திச் சுரத்தை நிறுத்துங்கள். கொஞ்சம் முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. மூன்றாம் தட்டுக்கு இடது கையைப் படுக்கப்போட்டு மூடிய அடி. படுக்கப்போடும்போது குறைந்தது இரண்டு விரல்கள் கம்பியைத் தொட வேண்டும். ஒரே விரல் ஐந்தாம், ஏழாம், பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேராகப் பட்டால் ஹார்மோனிக் என்கிற மெல்லிய மேல் சுரம் மணியடித்துவிடும். நான்காம் தட்டுக்கு G கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட், அதாவது அதே சுரத்தின் மேல் ஸ்தாயி, ஆள்காட்டி விரலின் நுனியை மட்டும் கொடுத்துச் சுண்டுங்கள். கொக்கி போட்டு இழுக்காதீர்கள், அப்படி இழுத்தால் அந்த ஒரு சுரம் மட்டும் மற்றவற்றைவிட உரக்க வரும். இதைப் பத்து நிமிடம் வாசித்துப் போனில் பதிவு செய்து, மறுநாள் காலையில் கேளுங்கள். சுரம் நின்ற இடமெல்லாம் ஒரே மாதிரி நின்றிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மற்றதை விட்டுவிடுங்கள். ஒரு மாதம் போதும், நீங்களே எனக்கு எழுதுவீர்கள்.

தமிழ்ப் பாட்டுக்கு ஸ்லாப் ஒத்துவராது என்று எழுதினீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. யார் சொல்லிக் கொடுத்தார்கள் இதை? இளையராஜா பேஸுக்கு எழுதிய வரிகளைப் பாட்டை விட்டுவிட்டுத் தனியாகப் பாடிக்கொண்டு நடக்கிற மனிதர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். ஏ. ஆர். ரஹ்மானின் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸின் பேஸைக் கவனித்துக் கேட்டிருக்கிறீர்களா? மூடிய அடியும் திறந்த அடியும் நம் கோயில் வாசலிலும் சாவு வீட்டிலும் கல்யாண மண்டபத்திலும் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவை. ஃபங்க் பெரிய இசை, அதை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அதைக் கையில் எடுக்க, வீட்டில் இருப்பதைக் கீழே போட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. லாரி கிரஹாம் தன் அம்மாவின் பாட்டுக்கு வாசித்துத்தான் இதைக் கண்டுபிடித்தார். உங்கள் அப்பாவுக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டு, அதற்கு வாசியுங்கள். ஸ்லாப் வேண்டாத இடத்தில் விரலால் வாசியுங்கள், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

மோகினி டேவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அப்பாவே பேஸ் வாசிப்பவர், குழந்தையாக இருக்கும்போதே கையில் கருவியைக் கொடுத்துவிட்டார். கொன்னக்கோலை வாயால் சொல்லிக்கொண்டே அதே ஜதியை பேஸில் வாசிக்கிறார். உங்களுக்குக் கண்ணில் படுவது விரல். கணக்கு அதற்கு முன்பே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. எத்தனை வருடம் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. 26 வயதில் ஒப்பிட்டுப் பார்த்து மனம் ஒடிந்துபோகாதீர்கள் என்று மட்டும் சொல்வேன், ஆறு மாதம் விடாமல் வாசித்திருக்கிறீர்கள், அந்த ஆசை பொய்யில்லை.

மற்றவை சுருக்கமாக. புது பேஸ் வேண்டாம். கம்பியை மாற்றுங்கள், மும்பை மழைக்காலத்தில் பழைய கம்பியில் பளிச்சென்ற ஒலி தங்காது. 45–105 தடிமன் உள்ள செட் போதும், அடிக்கக் கடினமாக இருந்தால் 40–100. ஈரத்துக்குக் கழுத்து வளைந்திருக்கும், தெரிந்தவரிடம் கொடுத்து நேராக்கிக் கம்பியின் உயரத்தைக் குறைத்து வாங்குங்கள். மிச்சப் பணத்தில் ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்று வாங்குங்கள், பக்கத்து வீட்டுச் சண்டை அதோடு தீரும்.

கட்டைவிரல் மேலேயா கீழேயா? பெல்ட்டின் நீளம்தான் அதை முடிவு செய்கிறது. பேஸ் கலைஞர்களில் ஃப்ளீ கருவியைத் தாழத் தொங்கவிடுகிறார், விரல் கீழே பார்க்கிறது. மார்க் கிங் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக் கட்டுகிறார், விரல் மேலே திரும்புகிறது. மணிக்கட்டு மடங்காமல் எது வருகிறதோ அதுவே உங்களுக்குச் சரி.

கொப்புளம் ஆறும்வரை வலது கையை பேஸில் வைக்கவே கூடாது. அந்த நாட்களில் இடது கையை மட்டும் கம்பிமேல் வைத்து, மெட்ரனோமுக்கு அழுத்தவும் தளர்த்தவும் பழகுங்கள்.

அன்புடன்.